குடியை நிறுத்த ஒரு குழு வேண்டும், எங்கே போய்த் தேடுவது?

நான் குடியை நிறுத்தி ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. இப்போது எங்கள் குழுவின் தொலைபேசி வாரத்தில் இரண்டு ராத்திரி என் கையில் இருக்கும். கூப்பிடுகிறவர்களில் பலர் முதலில் ஒன்றும் பேசுவதில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும், அப்புறம் "இல்ல, சும்மாதான், விசாரிக்கலாம்னு..." என்று ஆரம்பிப்பார்கள். அப்படி ஆரம்பித்து அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சில இடங்களில் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லியிருப்பேன், அதை ஒப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கே குடியை நிறுத்திவிட்டு நாளைக்குக் கூட்டத்துக்கு வரட்டுமா?

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் நிறையக் குடிக்கிறீர்கள், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறது என்றால் தயவுசெய்து வீட்டில் தனியாக, திடீரென்று நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி எல்லாம் தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2 முதல் 4 நாட்களுக்குள் இன்னும் சிலருக்கு இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, எந்த இடம் எந்த நேரம் என்று குழம்பிப் போவது, காய்ச்சல் என்று முற்றிப்போய் உயிருக்கே ஆபத்தாக முடியும். முன்பு ஒருமுறை நிறுத்தும்போது வலிப்பு வந்திருந்தால் இந்தத் தடவை இன்னும் கவனம் வேண்டும். மருத்துவமனையில் சில நாட்கள் வைத்து, நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மருந்தும் கூடவே வைட்டமின் பி1-ம் கொடுத்து அந்த நாட்களைப் பத்திரமாகக் கடக்க வைப்பார்கள். முதலில் அது, பிறகு குழு. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று. கூட்டத்துக்கு வர, முழுசாக நிறுத்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏஏ, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. அதில் சேர ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசை பாதிதான் இருக்கிறது என்றாலும் வாருங்கள்.

டாக்டரிடம் போய்விட்டேன், அது போதாதா? முன்பின் தெரியாத குடிகாரர்களோடு நான் என்ன பேசுவது?

இதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1935, மே மாதம். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர், குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது, வியாபார விஷயமாக நியூயார்க்கிலிருந்து ஒஹாயோவில் உள்ள ஆக்ரன் நகரத்துக்குப் போனார். போன காரியம் தோற்றுப்போனது. ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார், ஒரு பக்கம் பாரிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கிறது, இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலை வைத்துக்கொண்டு போதகர்களைக் கூப்பிட்டு, எனக்குப் பேச இன்னொரு குடிநோயாளி வேண்டும், யாராவது தெரியுமா என்று கேட்டார். அப்படிக் கைமாறிக் கைமாறிக் கடைசியில் போய்ச் சேர்ந்தது டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சிலிருந்துதான் ஏஏ பிறந்தது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிற இடம் ஒன்று உண்டு. வில்சன் அந்த டாக்டரைத் திருத்தப் போகவில்லை. தான் குடிக்காமல் இருக்க அவருக்கு இன்னொரு குடிநோயாளி தேவைப்பட்டார். "இந்த நேரத்துல உங்களைத் தொந்தரவு பண்றேன்" என்று ராத்திரி பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிடுகிறவரிடம் நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் கூப்பிட்டதால் இன்றைக்கு நானும் குடிக்கவில்லை. உபசாரத்துக்குச் சொல்கிற வார்த்தை இல்லை இது. எங்கள் வேலையே அப்படித்தான் நடக்கிறது.

டாக்டர் தேவைதான், மருந்து தேவைதான். ஆனால் சட்டைப் பைக்குள் பாட்டில் மூடியை மறைத்து வைத்துவிட்டுப் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிற அந்த ஒரு நிமிடம் எப்படி இருக்கும் என்று, அதைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

சரி, எப்படித் தேடுவது?

ஏஏ-வுக்குப் பல நாடுகளில் தனித்தனி இணையதளமும் உதவித் தொலைபேசியும் உண்டு. உங்கள் நாட்டின் பெயரோடு சேர்த்துத் தேடினாலே வந்துவிடும். 'மீட்டிங் கைட்' என்று ஏஏ-வின் செயலி ஒன்றும் இருக்கிறது, பக்கத்தில் எங்கே எப்போது கூட்டம் என்று காட்டும், ஆனால் எல்லா ஊர்க் கூட்டமும் அதில் இருக்காது. இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, குடிநோய் சிகிச்சை மையத்திலோ கேளுங்கள். வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். நர்ஸையும் ஆலோசகரையும் கேட்டால் பெரும்பாலும் தெரிந்திருக்கும், ஏனென்றால் குழுக்களில் சில அந்தக் கட்டடத்திலேயே ஒரு அறையில் நடக்கும். தேவாலயங்கள், சமூகக்கூடங்கள், பள்ளிக்கூட அறைகள், இப்படி வாடகைக்கோ சும்மாவோ கிடைக்கிற இடங்களில்தான் நிறையக் கூட்டங்கள். தேவாலயத்தில் நடப்பதால் அது மதக் கூட்டம் என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலில் இருக்கிற நேரத்தை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். இந்தக் குழுக்களை நடத்துவது தன்னார்வலர்கள். அறை மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும், பட்டியலில் பழையதே இருக்கும். நான் முதன்முதலில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போன இடத்தில் கதவு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்ததும் மனசுக்குள் எனக்கு வந்தது நிம்மதி, 'நான் முயற்சி பண்ணிட்டேன், இல்லையே' என்ற நிம்மதி. அந்த நிம்மதியோடு நேராகக் குடிக்கப் போனேன். அடுத்த முயற்சிக்கு எட்டு மாதம் ஆனது. அதனால் போவதற்கு முன் ஒரு போன் போட்டுவிடுங்கள், ஒன்றுக்கு இரண்டு இடங்களின் விவரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் என்ன சொல்ல வேண்டும்?

"குடியை நிறுத்தணும்னு பார்க்கிறேன், கூட்டம் எங்கே நடக்குது?" இது போதும். பெயர் சொல்ல வேண்டாம், கதை சொல்ல வேண்டாம். வாய் வரவில்லை என்றால் இந்த வரியை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துப் படித்துவிடுங்கள், அப்படிப் படித்தவர்களை நானே கேட்டிருக்கிறேன், சங்கடமாகவே இருக்காது. கூட்டத்துக்கு யாராவது கூட வர முடியுமா என்றும் கேட்கலாம். பல குழுக்களில் முதல் தடவை வருகிறவரை வாசலில் சந்தித்து அழைத்துப் போக ஆள் இருப்பார்கள். 'திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா' என்று மட்டும் மறக்காமல் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், மனைவியோ நண்பரோ கூட வரலாம். மூடியது குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

ஒரு அறை, நாற்காலிகள், பெரும்பாலும் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம். ஒருவர் தொடங்கி வைப்பார், சில பக்கங்களைப் படிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராகத் தன் அனுபவத்தைச் சொல்வார்கள். குடித்தபோது எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன், பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றித்தான். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிடலாம். யாரும் வற்புறுத்தக் கூடாது, வற்புறுத்தினால் அது அந்த ஆளின் தவறு.

என் முதல் கூட்டத்தில் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து ஒரு பத்தி படிக்கச் சொன்னார்கள். என் கை ஆடிய ஆட்டத்தில் தாள் படபடவென்று சத்தம் போட்டது, அறையே அந்தச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தாளின் மேல் ஓரத்தைத் தன் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். சத்தம் நின்றது. நான் படித்து முடிக்கிறவரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே பேசியதில் ஒரு வார்த்தைகூட இப்போது நினைவில் இல்லை. அந்த இரண்டு விரல் நினைவிருக்கிறது.

தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால்?

இருக்கலாம். அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார். பெயரின் முதல் பகுதியை மட்டும் சொல்லலாம், வேறு பெயரே சொன்னாலும் யாரும் அடையாள அட்டை கேட்கப் போவதில்லை. அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதைக் குழுக்கள் உயிராக மதிக்கின்றன. ஆனால் இது சட்டக் காவல் இல்லை, மனிதர்களின் வாக்கு, அவ்வளவுதான். அதனால் வழக்கு, குற்றம் மாதிரி விஷயங்களைக் கூட்டத்தில் கொட்டாமல் வக்கீலிடமோ ஆலோசகரிடமோ வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு பணம் ஆகும்?

ஏஏ-வில் கட்டணமோ சந்தாவோ கிடையாது. கடைசியில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும், முடிந்தவர்கள் போடுவார்கள், அறை வாடகை அதில்தான் போகும். முதல் தடவை வருகிறவர் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. குழு என்ற பெயரில் உங்களிடம் முன்பணம் கேட்டால், 'நிச்சயம் குணமாகும்' என்று உத்தரவாதம் கொடுத்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஏஏ-வில் கடவுள் பேச்சு நிறைய என்கிறார்களே?

இருக்கிறது, மறைக்க மாட்டேன். குடியை விட ஏஏ வகுத்திருக்கிற வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல்லும், தன்னைவிடப் பெரிய ஒரு சக்தி என்ற பேச்சும் வரும். 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று சொல்லி அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். குழுவையே அந்தப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்ட நாத்திகர்கள் எனக்குத் தெரிந்து உண்டு. சில இடங்களில் நம்பிக்கையில்லாதவர்களுக்கென்றே தனி ஏஏ கூட்டங்களும் நடக்கின்றன.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன, இதை ஏஏ-க்காரர்கள் சிலர் சொல்லத் தயங்குவார்கள், நான் தயங்க மாட்டேன். ஸ்மார்ட் ரெகவரி 1994-ல் தொடங்கியது. அதில் படிகள் இல்லை, கடவுள் இல்லை. குடிக்கத் தோன்றும் அந்த உந்துதலை எப்படிக் கையாள்வது, மனசு சொல்கிற சாக்குகளை எப்படிக் கேள்வி கேட்பது என்று உளவியல் சிகிச்சை முறைகளை வைத்துப் பயிற்சி தருவார்கள், கூட்டத்தில் ஒருவருக்கொருவர் பதில் பேசவும் செய்யலாம். லைஃப்ரிங் என்றும் ஒரு மதச்சார்பற்ற குழு உண்டு. பௌத்த வழியில் தியானத்தோடு செல்ல விரும்புகிறவர்களுக்கு ரெகவரி தர்மா. இவை எல்லா ஊரிலும் நேரில் கிடைக்காது, ஆனால் இணையவழிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

பெண்கள் போகலாமா?

தாராளமாக. ஆனால் ஆண்களே நிறைந்திருக்கும் அறைக்குள் தனியாக நுழைவது எவ்வளவு கடினம் என்பதை ஆண்கள் பலர் யோசிப்பதில்லை. குடிக்கிற ஆணை ஊர் பாவம் என்கிறது, பெண்ணை வேறு வார்த்தையில் சொல்கிறது. அதனாலேயே ஏஏ-வில் பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் இருக்கின்றன. 1975-ல் ஜீன் கர்க்பாட்ரிக் என்ற பெண், பெண்களுக்கென்றே 'விமன் ஃபார் சோப்ரைட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார், குற்ற உணர்விலேயே மூழ்கிக் கிடக்காமல் தன்னை மதிக்கக் கற்றுக்கொள்வதுதான் அதன் மையம். ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்கிறேன்: கூட்டத்தில் ஒரு ஆண் உங்களுக்கு உதவுகிறேன் என்று அளவுக்கு மீறி நெருங்கினால், தனியாகச் சந்திக்கக் கூப்பிட்டால், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் துளியும் இல்லை. குழுவில் மூத்த பெண் ஒருவரிடம் சொல்லுங்கள், குழுவை மாற்றுங்கள்.

முதல் கூட்டம் பிடிக்கவே இல்லை. அப்புறம் எதற்கு?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு "எனக்கு அது சரிவராது" என்று முடிவு கட்டியவர்கள் எத்தனை பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள் தெரியுமா. ஒரே அமைப்பின் இரண்டு குழுக்கள் இரண்டு வீடுகள் மாதிரி இருக்கும். ஒன்றில் எல்லோரும் முப்பது வருடம் குடிக்காதவர்கள், நேற்றுவரை குடித்தவருக்கு அங்கே உட்கார்ந்தால் மூச்சு முட்டும். இன்னொன்றில் இளைஞர்கள், சிரிப்பும் சத்தமும். ஒன்றில் யாரோ ஒருவரே பேசித் தள்ளுவார். நான்காவதாகப் போன குழுதான் எனக்கு அமைந்தது. அதுவும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, என் மாதிரியே ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் அங்கே இரண்டு பேர் இருந்தார்கள், விடிகாலையில் வேலை முடிந்து வரும்போது குடிக்கத் தோன்றுவது எப்படி என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் குறைந்தது நான்கைந்து வெவ்வேறு கூட்டங்களுக்குப் போய்ப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உங்களால் எந்த மொழியில் அழ முடியுமோ அந்த மொழியில் ஒரு கூட்டம் கிடைக்குமா என்றும் பாருங்கள். தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. நான் வேறு மொழியில் எட்டு மாதம் பேசினேன், சரியாகத்தான் பேசினேன், ஆனால் அம்மாவைப் பற்றிப் பேச முடிந்தது தமிழில்தான்.

ஸ்பான்சர் என்றால் யார்?

உங்களுக்கு முன்னால் நிறுத்தியவர், படிகளை ஏற்கெனவே கடந்தவர், உங்களோடு தனியாகப் பேசி வழிகாட்டுபவர். நீங்களே ஒருவரைக் கேட்கலாம், பிறகு மாற்றவும் செய்யலாம். அவர் டாக்டரும் இல்லை, முதலாளியும் இல்லை. முதல் நாளிலேயே ஸ்பான்சர் வேண்டும் என்று அவசரப்படாதீர்கள், அதற்குப் பதில் மூன்று பேரின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். வாங்கிய அன்றே, குடிக்கத் தோன்றாத நேரத்திலேயே, ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். நல்ல நேரத்தில் கூப்பிட்டுப் பழகாத எண்ணைக் கெட்ட நேரத்தில் விரல் அழுத்தாது.

மாத்திரை சாப்பிடுகிறேன். அதுவும் போதைதான் என்று குழுவில் ஒருவர் சொன்னார்.

அவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் இவையெல்லாம் குடிநோய்க்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்துகள். மனச்சோர்வுக்கான மாத்திரையும் அப்படித்தான். உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது ஏஏ-வே எழுதி வைத்திருக்கிற நிலைப்பாடு. டைசல்ஃபிராம் எடுப்பவர் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், அதோடு மது சேர்ந்தால் உடம்பு மிக மோசமாகப் பாதிக்கும், இருமல் மருந்தில் இருக்கிற கொஞ்சம் ஆல்கஹால்கூட ஆகாது.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா, இல்லை நம்பிக்கைதானா?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசிப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏஏ-வோடு நோயாளிகளை முறையாக இணைத்துவிடும் சிகிச்சைகள், முழுசாகக் குடியை விடுவதில் மற்ற நிறுவப்பட்ட சிகிச்சைகளைவிட ஒரு படி மேலாகவே இருந்தன. அதே சமயம் எல்லோருக்கும் பலித்துவிடுவதில்லை. ஒரு வருடத்தில் பாதிக்கு மேல் தடுமாறுகிறார்கள், எந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

குடிப்பவர் என் கணவர். வரவே மாட்டேன் என்கிறார்.

இந்தக் கேள்வியை அக்காமார்கள், அம்மாமார்கள் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், பாதியில் குரல் உடைந்துவிடும். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைக்க முடியாது அம்மா, ஆனால் நீங்கள் வரலாம். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்று தனி அமைப்பு இருக்கிறது, பில் வில்சனின் மனைவி லோயிஸ் தொடங்கியவர்களில் ஒருவர், 1951-ல். வளரிளம் பிள்ளைகளுக்கு அலட்டீன். அங்கே அவரை எப்படி நிறுத்த வைப்பது என்று சொல்லித்தர மாட்டார்கள், அவருக்காகப் பொய் சொல்லி லீவு போடுவது, கடனை அடைப்பது, வாந்தியைத் துடைப்பது என்று உங்கள் வாழ்க்கை கரைந்துகொண்டிருக்கிறதே, அதைப் பற்றிப் பேசுவார்கள். அடிக்கிறார், உயிருக்குப் பயமாக இருக்கிறது என்றால் குழு இரண்டாவது. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு குழுவும் இல்லையே?

இணையவழிக் கூட்டம் இருக்கிறது, எந்த நேரத்திலும் உலகத்தில் எங்கோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். கேமராவை அணைத்துவிட்டு வெறுமனே கேட்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடாமல் மாதம் ஒருமுறையாவது பயணம் போய் நேரில் உட்காருங்கள் என்பேன். இன்னொரு வழி, நீங்களே தொடங்குவது. குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு ஏஏ குழு. ஆக்ரனில் தொடங்கியபோதும் இரண்டு பேர்தான். ஆனால் நிறுத்திச் சில வாரமே ஆனவர் தனியாக இதை இழுத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்து ஊர்க் குழுவில் பழையவர் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள்.

ஆறு மாதம் ஒழுங்காகப் போனேன், திரும்பக் குடித்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு போவது?

அந்த டாக்டர் பாப் இருக்கிறாரே, வில்சனைச் சந்தித்த பிறகும் ஒரு தடவை குடித்தார். மருத்துவர் மாநாடு ஒன்றுக்குப் போன இடத்தில். திரும்பி வந்து நிறுத்தினார், அவருடைய கடைசிக் குடி 1935 ஜூன் 10. ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான், அவர்கள் இருவரும் முதலில் சந்தித்த நாளை இல்லை.

இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள், நாள் கணக்காகிவிட்டது என்றால் மேலே முதல் பதிலில் சொன்னதை மறக்காதீர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு நாள், இரண்டு நாள் சறுக்கல் என்றால் அடுத்த கூட்டத்துக்கே வாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் வந்து நாற்காலி போடுகிறவரிடம் "திரும்பக் குடிச்சிட்டேன்" என்று சொல்லுங்கள். போன மாதம் எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் சொன்னார், நாற்காலி எடுத்துக்கொண்டிருந்தவர் "சரி, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். இரண்டு பேருமாகப் பன்னிரண்டு நாற்காலி போட்டார்கள்.